'சூப்பர் டீலக்ஸ்' பார்த்தா பாவமா? ஒரு 'ஏ' படத்தை கிறிஸ்தவக் கண்ணாடி போட்டு எடைபோடுவது எப்படி?

சனிக்கிழமை ராத்திரி 11 மணி. ரூம் கதவு சாத்தியாச்சு. காதுல இயர்போன். மொபைல் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சு ஒரு படம் பார்க்கிறீங்க. சிரிக்கிறீங்க, அதிர்ச்சியாகுறீங்க, ஒரு இடத்துல கண்ணும் கலங்குது. முடியும்போது மணி 2.

காலையில 8 மணி ஆராதனை. பாட்டுப் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு அம்மா பக்கத்துல நிற்கிறீங்க. மண்டைக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள பிணத்தைத் திணிக்கிற காட்சி ஓடுது. சிரிப்பு வருது. அடுத்த நொடியே, 'நேத்து நான் பார்த்தது பாவமா?' என்று ஒரு கேள்வியும் வருது.

இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல ரெண்டு ரெடிமேட் பதில் இருக்கு. ஒண்ணு, யூத் மீட்டிங் பதில்: "ஏ படம்னா ஏ படம்தான். தொடாதே." இன்னொண்ணு, ஃப்ரெண்ட்ஸ் பதில்: "படம்தானே மச்சி, ரொம்ப யோசிக்காத."

ரெண்டுமே சுலபமான பதில்கள். ஆனா ரெண்டுலயும் ஒரு விஷயம் நடக்கவே இல்லை. யாரும் அந்தப் படத்தை எடைபோடலை. ஒருத்தர் பார்க்காமலே தீர்ப்பு சொல்றார். இன்னொருத்தர் பார்த்துட்டு தீர்ப்பே வேண்டாம்ங்கிறார்.

நீங்க கிறிஸ்தவரா இருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு நேரடியாவே உதவும். வேறு மதமோ, மதமே இல்லாதவரோ என்றாலும் பரவாயில்லை. ஒரு நம்பிக்கை தன்னோட அளவுகோலை வச்சு ஒரு கலையை எப்படி நியாயமா அளக்கும் என்பதைத் தெரிஞ்சுக்கலாம். அளக்க நான் எடுத்திருக்கிற படம், தியாகராஜன் குமாரராஜா இயக்கி 2019 மார்ச்சில் வந்த 'சூப்பர் டீலக்ஸ்'.

ஸ்பாய்லர் அலெர்ட்: கிளைமாக்ஸ் வரைக்கும் பேசப் போறோம். பார்க்காதவங்க யோசிச்சுட்டு ஸ்க்ரோல் பண்ணுங்க.

ஏன் இந்தப் படம்?

காமம், குற்றம், கறுப்பு நகைச்சுவை, கிறிஸ்தவ நம்பிக்கை... இந்த நாலும் ஒரே படத்துல இருக்கிறது தமிழ் சினிமாவுல அபூர்வம். இதுல நாலுமே இருக்கு.

கதை பல கிளைகளா ஓடும். வேம்பு (சமந்தா) தன்னோட முன்னாள் காதலனை வீட்டுக்கு அழைக்கிறாள். உறவுக்குப் பிறகு அவன் படுக்கையிலேயே இறந்து போறான். கணவன் முகில் (ஃபஹத் ஃபாசில்) வீட்டுக்கு வர, ரெண்டு பேரும் சேர்ந்து பிணத்தை மறைக்க அலையுறாங்க.

இன்னொரு பக்கம், ஸ்கூல் பசங்க திருட்டுத்தனமா நீலப்படம் பார்க்க உட்காருறாங்க. திரையில் வர்ற பெண், அந்தப் பசங்கள்ல ஒருத்தனோட அம்மா லீலா (ரம்யா கிருஷ்ணன்). அவளைக் கொல்ல ஆவேசமா ஓடும் மகன், தவறி விழுந்து தானே குத்துப்பட்டு உயிருக்குப் போராடுறான்.

லீலாவின் கணவர் அற்புதம் (மிஷ்கின்). 2004 சுனாமியில் ஒரு சிலையைப் பிடிச்சுக்கிட்டு உயிர் தப்பியவர். அன்றிலிருந்து அந்தச் சிலைதான் அவருக்குக் கடவுள். மகன் சாகக் கிடக்கும்போதும் 'ஆஸ்பத்திரி வேண்டாம், ஜெபம் போதும்' என்று நிற்கிறார்.

பல வருடம் முன்னாடி வீட்டை விட்டுப்போன கணவன், திருநங்கை ஷில்பாவாக (விஜய் சேதுபதி) மனைவி ஜோதியையும் மகன் ராசுக்குட்டியையும் பார்க்கத் திரும்பி வர்றது அடுத்த கிளை. ஷில்பாவையும், பிறகு வேம்புவையும் வேட்டையாடுற போலீஸ்காரன் பெர்லின் (பகவதி பெருமாள்), இந்தக் கிளைகளை இணைக்கிற விஷம்.

ஷில்பா பாத்திரத்துக்காக விஜய் சேதுபதிக்குச் சிறந்த துணை நடிகர் தேசிய விருது கிடைச்சது. அது வேறு கணக்கு. நல்ல நடிப்பும் நல்ல ஒழுக்கமும் ஒண்ணு இல்லை. நம்ம கேள்வி ரெண்டாவது பத்தி.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துடலாம்

சென்சார் கொடுக்கும் 'ஏ' என்பது ஒழுக்கத் தீர்ப்பு கிடையாது. 18 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கானது என்ற வயது அறிவிப்பு, அவ்வளவுதான். 2023-ல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழும் 7+, 13+, 16+ எனப் பிரிந்தது. ஓ.டி.டி-க்கும் 2021 விதிகளின்படி இதே மாதிரி வயதுப் பிரிவுகள் உண்டு. எல்லாமே 'யார் பார்க்கலாம்' என்று சொல்லும். 'இதில் நன்மை இருக்கா' என்று சொல்லாது.

'யு' வாங்கிய படம் ஒரு பெண்ணைத் துரத்தித் துரத்தி டார்ச்சர் பண்றதைக் காதல்னு காட்டலாம். 'ஏ' வாங்கிய படம் அதே டார்ச்சரைக் கொடுமைன்னு காட்டலாம். சான்றிதழ் வாசல்ல நிற்கிற வாட்ச்மேன் மாதிரி. உங்க வயசைக் கேட்பார். உள்ளே நடக்கும் நாடகம் நல்லதா கெட்டதான்னு அவர்கிட்ட கேட்க முடியாது.

அதே நேரம், 18 ஆகாதவங்களுக்கு இந்தப் படம் வேண்டாம். இதுல ரெண்டாவது பேச்சே இல்லை.

எண்ணிப் பார்க்கும் வழி

கிறிஸ்தவ உலகம் சினிமாவை எடைபோட ஆரம்பிச்சு 90 வருடத்துக்கு மேல ஆச்சு. அதில் ரெண்டு வழிகள் உருவாகியிருக்கு.

முதல் வழி, எண்ணுவது. எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை படுக்கையறைக் காட்சி, எவ்வளவு ரத்தம்? 'ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி' என்ற அமெரிக்க கிறிஸ்தவ அமைப்பு நடத்தும் 'ப்ளக்டு இன்' விமர்சனத் தளத்தைப் பாருங்க. ஒவ்வொரு படத்துக்கும் பாலியல் காட்சி, வன்முறை, கெட்ட வார்த்தை, போதை என்று தனித்தனி தலைப்பு போட்டு விவரம் தருவாங்க. நல்ல அம்சங்களுக்கும் ஒரு தலைப்பு உண்டு. குழந்தைகளோட படம் பார்க்க நினைக்கும் பெற்றோருக்கு அது உண்மையிலேயே பயனுள்ள சேவை.

இதுக்கு முன்னோடி ஹாலிவுட்டின் 'ஹேஸ் கோட்'. கத்தோலிக்கப் பத்திரிகையாளர் மார்ட்டின் குவிக்லியும், இயேசு சபைப் பாதிரியார் டேனியல் லார்டும் சேர்ந்து எழுதிய விதிகள் அவை. 1930-ல் ஸ்டுடியோக்கள் ஏற்றுக்கொண்டன. 1934-லிருந்து கறாராக அமலானது. அதே காலத்தில் 'லீஜன் ஆஃப் டீசன்ஸி' என்ற கத்தோலிக்க அமைப்பு, ஆபாசப் படங்களைப் பார்க்க மாட்டோம் என்று சர்ச்சுகளிலேயே மக்களை உறுதிமொழி எடுக்க வைத்தது. 1968-ல் வயதுவாரி ரேட்டிங் முறை வரும்வரை ஹாலிவுட் படங்களில் குற்றவாளி கடைசியில் மாட்டியே ஆகணும், இல்லைன்னா சாகணும்.

இந்த எண்ணும் வழியில் 'சூப்பர் டீலக்ஸ்' அவுட். மறுபரிசீலனைகூட கிடையாது.

இந்த வழியை 'பழைய பஞ்சாங்கம்' என்று ஒதுக்கிடாதீங்க. அதுக்குப் பின்னாடி வலுவான வேத ஆதாரம் இருக்கு. தன் கண்களோடேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டதா யோபு சொல்றார் (யோபு 31). இச்சையோடு பார்ப்பதே விபசாரத்தில் சேர்ந்ததுதான் என்கிறார் இயேசு (மத்தேயு 5). கொச்சைப் பேச்சும் அசிங்கமான கேலியும் உங்களுக்குத் தகாது என்று எபேசியருக்கு எழுதுகிறார் பவுல் (5-ம் அதிகாரம்). அந்தக் கடைசி விஷயம் அடல்ட் காமெடியை நேருக்கு நேரா இடிக்குது. இதை மறைச்சுட்டுப் பேசுறது நேர்மை இல்லை.

ஆனா இந்த வழியில ஒரு சிக்கல் இருக்கு. அதே அளவுகோலை வேதாகமத்துக்கே வச்சுப் பாருங்க.

2 சாமுவேல் 11-ம் அதிகாரம். தாவீது ராஜா மாடியில் உலாவும்போது குளிக்கும் பெண்ணைப் பார்க்கிறார். இன்னொருவர் மனைவி என்று தெரிந்தே அழைத்து வரச்சொல்கிறார். அவள் கர்ப்பமாகிறாள். பழியை மறைக்க அவள் கணவன் உரியாவைப் போர்முனைக்கு அனுப்பி, திட்டம் போட்டுச் சாகடிக்கிறார். காமம், மறைப்பு, கொலை. பக்கா க்ரைம் கதை. ஆதியாகமம் 38-ல் யூதா - தாமார் கதை, நியாயாதிபதிகள் 19-ல் வரும் கொடூரம்... எண்ணும் முறையில இதெல்லாம் 'யு' வாங்குமா?

ஆனா எழுதியிருக்கும் விதத்தைக் கவனிங்க. தாவீது கதையின் அந்த அதிகாரத்தில் மொத்தம் 27 வசனங்கள். படுக்கைக்கு ஒரே ஒரு வசனம். மறைக்கும் சதிக்குத்தான் மீதி பெரும்பகுதி. அடுத்த அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு ஆட்டுக்குட்டிக் கதை சொல்லி ராஜாவை அவர் வாயாலேயே மாட்ட வைக்கிறார். பாவத்தை மறைக்காம சொல்லணும், ஆனா நாக்கைச் சப்புக்கொட்டிச் சொல்லக்கூடாது. இந்த விகிதம் நமக்குப் பின்னாடி உதவும்.

அர்த்தம் பார்க்கும் வழி

ரெண்டாவது வழி, 'என்ன காட்டினாங்க' என்பதோட நிற்காம 'எதுக்காகக் காட்டினாங்க' என்று கேட்பது.

சினிமா பிறந்து 100 வருடம் ஆனதையொட்டி, 1995-ல் வத்திக்கான் 45 படங்கள் கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டது. மதம், விழுமியம், கலை என மூணு பிரிவு. அதில் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' இருக்கு. கொலைகளும் நிர்வாணமும் உள்ள படம் அது. கடவுள் நம்பிக்கை இல்லாத மார்க்சியர் பசோலினி எடுத்த 'தி கோஸ்பல் அக்கார்டிங் டு செயின்ட் மேத்யூ' படமும் இருக்கு. அதாவது, ஒரு படத்தில் நிர்வாணம் இருக்கா, எடுத்தவர் பக்திமானா என்பதோடு தேர்வு முடியலை.

இந்த வழியில போகணும்னா நாலு கேள்விகள் போதும். ஒவ்வொண்ணா 'சூப்பர் டீலக்ஸ்' மேல வச்சுப் பார்ப்போம்.

கேள்வி 1: பாவத்துக்கு எடை இருக்கா?

கறுப்பு நகைச்சுவையில் பிணத்தைப் பார்த்துச் சிரிக்கலாம். தப்பில்லை. ஆனா அந்தச் சாவு யாரையாவது உறுத்துதா?

ஒப்பிட ஒரு படம்: மார்ட்டின் மெக்டோனா இயக்கிய 'இன் ப்ரூஜஸ்' (2008). கூலிக் கொலையாளிகள் ரெண்டு பேர், வாய் திறந்தா கெட்ட வார்த்தை, போதை, விலைமாது எல்லாம் உண்டு. எண்ணும் வழியில படுதோல்வி. ஆனா கதையின் மையம் என்ன தெரியுமா? ஒரு பாதிரியாரைச் சுடும்போது தவறி ஒரு சின்னப் பையனும் செத்துப்போறான். அந்தக் குற்ற உணர்ச்சி ரே என்ற இளைஞனைக் கடைசி ஃப்ரேம் வரை துரத்துது. மியூசியத்துல இறுதித் தீர்ப்பு ஓவியத்துக்கு முன்னாடி நின்னு சொர்க்கம், நரகம் பத்திப் பேசுறாங்க. படம் எதை வச்சும் ஜோக் அடிக்கும். அந்தக் குழந்தையின் சாவின் கனத்தை மட்டும் கடைசி வரைக்கும் குறைக்காது.

இப்போ வேம்பு - முகில் கதைக்கு வாங்க. இறந்தவன் ஒரு மனுஷன். ஆனா படம் அவனைப் பெரும்பாலும் தூக்கிச் சுமக்கிற சாமானாகத்தான் நடத்துது. ஃப்ரிட்ஜுல வைக்கிறாங்க, தூக்குறாங்க, இறக்குறாங்க. துரோகம் பத்தி கணவனும் மனைவியும் நிறையப் பேசுறாங்க. செத்தவனுக்காக ஒரு நிமிஷ மௌனம் அந்தக் கதையில் எடையோட விழலை. முடிவில் ரெண்டு பேரும் தப்பிச்சு, உறவும் சரியாகுது.

ஹேஸ் கோட் மாதிரி 'போலீஸ்ல மாட்டியிருக்கணும்' என்று நான் சொல்ல வரலை. கிறிஸ்தவப் பார்வை கேட்கிறது தண்டனையை இல்லை, உண்மையை. கணவன் மனைவிக்குள்ள உண்மை வந்துச்சு. அந்த வீட்டு வாசலுக்கு வெளியே வரலை. இங்க படம் மார்க் இழக்குது.

ஆனா அதே படத்துல ஷில்பா தலைகீழ். முன்னாடி குழந்தைகள் விஷயத்துல தான் பண்ணின ஒரு பெரிய தவறைச் சொல்லி உடையுற இடம் இருக்கு. மகன் காணாமப் போனப்போ அந்தப் பழைய பாவம் அவளைப் பிடிச்சு உலுக்குது. அதுக்குப் பேர் பாவ அறிக்கை. சர்ச்ல நடக்கலை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி 2: மனுஷங்களை மனுஷங்களா பார்க்குதா?

மனிதன் கடவுளின் சாயல்ல படைக்கப்பட்டவன் என்பது வேதாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே வர்ற விஷயம். அதனால ஆபாசம் ஏன் தப்பு என்பதுக்கு கிறிஸ்தவம் சொல்ற காரணம், 'உடம்பு அசிங்கம்' என்பது இல்லை. உடம்பைக் காட்டி ஆளை அழிக்கிறதுதான் தப்பு.

லீலாவை எடுத்துக்கோங்க. நீலப்படம் பார்க்க உட்கார்ந்த பசங்களுக்குத் திரையில் தெரிஞ்சது ஒரு உடம்பு. அடுத்த நொடி அது ஒருத்தனோட அம்மாவாகுது. ஆபாசப் படத்துக்கு எதிரா எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்பீங்க. 'அங்க தெரியுற ஒவ்வொருத்தரும் யாரோ ஒருத்தரோட அம்மா, மகள்' என்பதை இவ்வளவு அடிவயிற்றுல குத்தின மாதிரி சொன்ன பிரசங்கம் எத்தனை?

யோவான் 8-ல் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை இழுத்துட்டு வர்றாங்க. ஆணைக் காணோம். எல்லார் கையிலயும் கல். நடித்த லீலாவைக் கொல்ல ஓடுற மகனும் கொஞ்சம் முன்னாடிதான் அந்தப் படத்தைக் காசு கொடுத்தவன் மாதிரி உட்கார்ந்து ரசிக்கத் தயாரா இருந்தவன். கல் எடுக்கும் கூட்டத்தை இந்தப் படம் சரியா அடையாளம் காட்டுது.

ஷில்பா விஷயத்தில் சர்ச்சுகளுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. பாலின மாற்றம் பத்தி இறையியல் சண்டை இன்னும் ஓடிட்டிருக்கு. படம் ஷில்பாவைச் சித்திரித்த விதத்துக்குத் திருநர் சமூகத்திலிருந்தும் விமர்சனம் வந்தது. ஆனா ஒரு மனுஷியை நடு ரோட்டுல கேலி பண்றதும், ஸ்டேஷனுக்குள்ள பெர்லின் அவளுக்குச் செய்யுற கொடுமையும் பாவம் என்பதுல எந்த சபைக்கும் சந்தேகம் இருக்க முடியாது. அங்க படம் ஷில்பா பக்கம் நிற்குது. அதைவிட முக்கியம், ராசுக்குட்டி. அப்பா எந்த உருவத்துல வந்தாலும் அந்தப் பையனுக்கு அப்பாதான். பரலோக ராஜ்யத்துல நுழைய குழந்தைகள் மாதிரி ஆகணும்னு இயேசு சொன்னதுக்கு (மத்தேயு 18) உதாரணம் கேட்டா, இவனைக் காட்டலாம்.

இந்தக் கேள்வியில படத்துக்கு நல்ல மார்க். ஒரு பெரிய மைனஸ் தவிர. முகில் கண்ணெதிரேயே வேம்புவை பெர்லின் மிரட்டுற பகுதி ரொம்ப நீளம். அவன் விஷமன் என்பது நமக்கு ஒரு நிமிஷத்துல புரியுது. அதுக்குப் பிறகும் காட்சி இழுக்குது, நடுநடுவே சிரிப்பும் வைக்குது. ஒரு பெண்ணோட பயத்தை நம்ம டென்ஷனுக்குத் தீனியாக்கும்போது, கேமராவும் கொஞ்சம் பெர்லின் பக்கம் போய் உட்கார்ந்துக்குதோ என்று எனக்குத் தோணுச்சு. தாவீது கதையோட 'ஒரே ஒரு வசனம்' விகிதம் இங்கே ஞாபகத்துக்கு வருதா?

கேள்வி 3: சிரிப்பு யார் மேல விழுது?

கிறிஸ்தவ ரசிகர்களை அதிகம் சீண்டக்கூடிய பாத்திரம் அற்புதம். 'எங்க நம்பிக்கையைக் கிண்டல் பண்றாங்க' என்ற கோபம் புரிஞ்சுக்கக்கூடியதுதான். ஆனா கொஞ்சம் நிதானமா பாருங்க.

அற்புதம் செய்யுறது என்ன? மகனுக்கு மருத்துவம் மறுத்து, 'அற்புதம் செய்து காட்டு' என்று கடவுளை ஒரு மூலையில் நிறுத்துறார். இதே மாதிரி ஒரு காட்சி மத்தேயு 4-ல் இருக்கு. ஆலயத்து உச்சியிலிருந்து குதி, தேவதூதர்கள் தாங்கிப் பிடிப்பாங்க என்று இயேசுவிடம் சாத்தான் சொல்றான். இயேசு குதிக்கலை. கடவுளைச் சோதிச்சுப் பார்க்கக்கூடாது என்று மறுத்துட்டார். நோயாளிகளுக்குத்தான் வைத்தியன் தேவை என்று சொன்னதும் அவரே. சுவிசேஷம் எழுதிய லூக்காவை வைத்தியர் என்றே பவுல் குறிப்பிடுறார்.

இன்னும் கிட்டக்க வருவோம். தமிழ்நாட்டில் கிறிஸ்தவத்தின் மிகப்பெரிய அடையாளங்கள்ல ஒண்ணு வேலூர் சி.எம்.சி மருத்துவமனை. 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோட தொடங்கினது. ஜெபம் ஒரு பக்கம், ஸ்டெதஸ்கோப் இன்னொரு பக்கம் என்று அவங்க பிரிக்கலை. ஆக, அற்புதத்தைப் பார்த்துப் படம் வைக்கிற விமர்சனத்தை, நல்ல பாஸ்டர் ஒருத்தர் ஞாயிறு மேடையிலயே வைக்கலாம்.

அடுத்தது அந்தச் சிலை. சுனாமியில் கையில கிடைச்ச ஒரு பொருளைக் கடவுளாக்கிக்கொண்டவர் அற்புதம். 1 இராஜாக்கள் 18-ல் எலியா தீர்க்கதரிசி, பாகால் பூசாரிகளைப் பார்த்து 'உங்க சாமி தூங்குதோ என்னவோ, இன்னும் சத்தமா கூப்பிடுங்க' என்கிற தொனியில் கலாய்ச்சுத் தள்ளுவார். பொய்யான நம்பிக்கையைச் சிரிச்சு உடைக்கிறது வேதாகமத்துக்குப் புதுசு இல்லை.

ஆனா படம் அங்கே நிற்கலை. ஆத்திரத்துல சிலை உடையும்போது உள்ளேயிருந்து வைரங்கள் கொட்டுது. அந்தக் காசுல ஆபரேஷன் நடக்குது. இது நம்பிக்கைக்குக் கிடைச்ச பதிலா, தற்செயலை வச்சு அடிச்ச ஜோக்கா? படம் கண் சிமிட்டிட்டு நகர்ந்துடுது. அதே மாதிரி, பெர்லின் தலையில மேலேயிருந்து டி.வி விழுந்து சாகுறான். தெய்வ நீதியா, விபத்தா? இந்தப் படத்தின் உலகத்தை நடத்துறது தற்செயல். கிறிஸ்தவ நம்பிக்கை சொல்றது பராமரிப்பு. இங்கே ரெண்டும் ஒத்துப்போகலை, ஒத்துப்போற மாதிரி நடிக்கவும் வேண்டாம். ஒரு படம் உங்க நம்பிக்கையோட முரண்படுது என்பது அதை வெறுக்கக் காரணம் ஆகாது. முரண் எங்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு பார்த்தா போதும்.

கேள்வி 4: எனக்கு என்ன ஆச்சு?

இதுதான் கடைசிக் கேள்வி. கஷ்டமான கேள்வியும் இதுதான். ஏன்னா இதுக்கு விமர்சகரால பதில் சொல்ல முடியாது.

ரோமர் 14, 1 கொரிந்தியர் 8... இந்த ரெண்டு அதிகாரத்திலும் பவுல் சாப்பாட்டுப் பிரச்னை ஒண்ணைப் பேசுறார். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா? அவர் பதில் சுவாரஸ்யமானது. இறைச்சியில் ஒண்ணும் இல்லை. ஆனா உன் மனசாட்சி உறுத்தினா சாப்பிடாதே. நீ சாப்பிடுறதைப் பார்த்து பலவீனமான சகோதரன் இடறி விழுந்தா, அவனுக்காக விட்டுடு. சாப்பிடுறவன் சாப்பிடாதவனை இளக்காரமா பார்க்காதே. சாப்பிடாதவன் சாப்பிடுறவனைத் தீர்ப்பிடாதே.

இதைப் படத்துக்குப் பொருத்துங்க. ஆபாசப் படப் பழக்கத்திலிருந்து வெளியே வரப் போராடிட்டு இருக்கிற ஒருத்தர், இந்தப் படத்தைத் தொடங்கிச் சில நிமிஷத்துல நிறுத்திட்டா, அது கோழைத்தனம் இல்லை. தன்னைத் தெரிஞ்சு வச்சிருக்கிற தைரியம். பாலியல் வன்முறையை அனுபவிச்ச ஒருத்தருக்கு பெர்லின் காட்சிகள் பழைய ரணத்தைக் கிளறலாம். அவங்ககிட்ட "மாஸ்டர்பீஸ், பார்த்தே ஆகணும்" என்று நச்சரிக்கிறது அன்பு இல்லை.

இன்னொரு பக்கம், 'வெளியிலிருந்து உள்ளே போறது தீட்டாக்காது, இதயத்திலிருந்து வர்றதுதான் தீட்டாக்கும்' என்ற இயேசுவின் கருத்தை எடுத்து, 'அப்போ எதையும் பார்க்கலாம்' என்று ஃப்ரெண்ட்ஸ் வாதாடுவாங்க. மத்தேயு 15-ஐ முழுசா வாசிங்க. அங்கே பேச்சு கை கழுவாம சாப்பிடுறது பத்தி. கண்ணுக்கு ஃப்ரீ பாஸ் கொடுத்ததா அர்த்தம் இல்லை.

உங்களை நீங்களே சோதிக்க ஒரு எளிய வழி. படம் முடிஞ்சு மூணு நாள் கழிச்சு, மனசுல தங்கியிருக்கிறது எது? சமந்தாவோட அந்தச் சில நிமிஷங்களா, ராசுக்குட்டியோட முகமா? மறுபடி ஓட்டிப் பார்த்தது எந்தக் காட்சியை? பதில் உங்களுக்கும் உங்க மொபைலுக்கும் மட்டும் தெரியும்.

அப்போ, தீர்ப்பு?

பிலிப்பியர் 4:8-ல் பவுல் எதையெல்லாம் சிந்திக்கணும்னு ஒரு பட்டியல் தர்றார். 'நல்ல படம் மட்டும் பாருங்க' என்பதுக்கு அடிக்கடி காட்டப்படும் வசனம். அந்தப் பட்டியல்ல தூய்மை இருக்கு, அழகும் இருக்கு. ஆனா முதல் இடம் உண்மைக்கு. சில உண்மைகள் அழகா இருக்காது. அதே நேரம் 'உண்மை' என்ற பேர்ல தூய்மையை மொத்தமா குப்பையில போடவும் பட்டியல் இடம் கொடுக்கலை. ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கணும். கஷ்டம்தான்.

என் கணக்கு இது. மனுஷங்களைப் பார்க்கும் கண், மன்னிப்பு, போலி நம்பிக்கை மீதான விமர்சனம்... இந்த மூணுலயும் 'சூப்பர் டீலக்ஸ்' பல 'குடும்பப் படங்களை'விட சுவிசேஷத்துக்குக் கிட்டக்க நிற்குது. செத்தவனை சாமானாக்கினது, ஒரு பெண்ணோட பயத்தை இழுத்து ரசிச்சது, எல்லாத்துக்கும் தற்செயலைக் கைகாட்டிட்டுப் போனது... இந்த மூணுலயும் சறுக்குது. முழு மார்க் கிடையாது. பூஜ்யமும் கிடையாது. நீங்க வேற கணக்கு போடலாம். நாலு கேள்வியையும் கேட்டுட்டுப் போடுங்க.

ஆனா ஒரு விஷயத்துல இந்தக் கணக்கு படத்தோட முடியாது. அடுத்த ஞாயிறு ஆராதனையில பக்கத்து பெஞ்சைப் பாருங்க. பழைய கதை ஒண்ணு ஊருக்குத் தெரிஞ்சுபோய், யாரும் பக்கத்துல உட்காராத ஒரு லீலா அங்கே இருக்கலாம். வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ளே வரத் தயங்கி நிற்கிற ஒரு ஷில்பா இருக்கலாம். படத்துல அவங்களுக்காகக் கண் கலங்கிட்டு, நேர்ல பார்த்ததும் முகத்தைத் திருப்பினா, பிரச்னை படத்துல இல்லை.

சரி, அம்மா "நேத்து ராத்திரி என்னடா பார்த்துட்டிருந்த?" என்று கேட்டா? 18 தாண்டிட்டீங்கன்னா, பேரைச் சொல்லுங்க. "ஏ படம்மா. சில இடம் எனக்கே பிடிக்கலை. ஆனா அதுல ஒரு சின்னப் பையன் வர்றான், அவனைப் பத்தி உங்ககிட்ட சொல்லணும்"னு ஆரம்பிங்க. முழுசா சொல்ல முடியாத அளவுக்கு ஏதாவது இருந்தா, அது ஏன்னு அப்போ உங்களுக்கே புரிஞ்சுடும்.